அப்புத்தளை பங்களாவா, நக்கிள்ஸ் மர வீடா? அம்மாவோடு மலையில் தங்க யோசனை தேவை

பொருநைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மா பிறந்தது இலங்கையில், அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி எழுபதுகளின் தொடக்கத்தில் தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி ராமேஸ்வரம் வந்துவிட்டார். அப்போது அம்மாவுக்குப் பாவாடை சட்டை வயது. இப்போது அறுபத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது. முழங்கால் வலி உண்டு, சர்க்கரை உண்டு, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அங்கே போய் மலையில், ஊரை விட்டு ஒதுங்கிய விடுதி ஒன்றில் சில நாள் தங்கலாம் என்று நினைக்கிறேன். நுவரெலியா டவுன் லாட்ஜ் வேண்டாம். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று அப்புத்தளைக்கு மேலே பழைய தோட்ட பங்களா, இப்போது விடுதி. இன்னொன்று நக்கிள்ஸ் மலையில், மீமுரே கிராமத்துக்குப் போகிற வழியில் மர வீடு. படத்தைப் பார்த்தால் மேகத்துக்குள் கட்டில் போட்ட மாதிரி இருக்கிறது, வாடகையும் அதில்தான் குறைவு. மனைவி, ஏழாவது படிக்கிற மகன், அம்மா, நான். மே மாதம் போகலாமா, அரையாண்டு லீவில் போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லிடை அப்பளம்:
மலை, மேகம், தேயிலை, அட்டை எல்லாம் வேண்டும் என்றால் மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டினாலே போதுமே அண்ணாச்சி. அம்பையில் குதிரைவெட்டி பஸ் ஏறினால் டிக்கெட் காசோடு முடிந்தது. பாஸ்போர்ட் எதற்கு?

பொருநைக்கரை:
அம்மா பிறந்தது குதிரைவெட்டியில் இல்லையே அப்பளம். அதான் விஷயம்.

ஊத்து மழை:
குதிரைவெட்டியை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற இடம் அது. வனத்துறை அனுமதி வேண்டும், வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ராத்திரி தங்குவதென்றால் அது தனிக் கதை. அப்புறம், நீங்கள் சொல்லுகிற தேயிலையில் இப்போது கொழுந்து பறிக்கிறவர்கள் இல்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த காடு. குத்தகை 2028இல் முடிய வேண்டியது, 2024இலேயே கம்பெனி எல்லோருக்கும் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிவிட்டது. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி எல்லாம் எங்கள் ஆட்கள் மூன்று தலைமுறை இருந்த இடம்.

சரி, அதை விடுங்கள். பொருநைக்கரை அண்ணாச்சிக்கு ஒன்று சொல்கிறேன். மலையில் மழை பெய்தால் பங்களாவுக்கு ஒன்றும் ஆகாது, பாதைதான் போகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது கீழே எல்லோரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார்கள். மேலே இருந்தவர்களுக்கு வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் இறங்க வழியில்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. ஆகவே எந்த விடுதியானாலும் காட்சி எப்படி என்று கேட்காதீர்கள். வேன் எங்கே நிற்கும், அதற்கு அப்புறம் எத்தனை கிலோமீட்டர், அதில் எந்த வண்டி ஏறும், அந்தப் பாதை அடைந்தால் இறங்க வேறு வழி உண்டா என்று கேளுங்கள். கடைசி மூன்று கிலோமீட்டரைப் பற்றி நேராகப் பதில் சொல்லாத விடுதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

தென்காசி வெயில்:
ஊத்து மழை சொன்னது நூற்றுக்கு நூறு. நானும் நண்பர்களும் நக்கிள்ஸ் பக்கம் ஒரு மலை விடுதிக்குப் போயிருக்கிறோம். பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய செய்தியில் "சிறிது தூரம் ஜீப் பயணம்" என்று இருந்தது. அந்தச் சிறிது தூரம் ஒன்றரை மணி நேரம். ஹுன்னஸ்கிரியவில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பினால் லூல்வத்தை, கோர்பெட்ஸ் கேப் வழியாகப் பாதை ஏறி இறங்குகிறது. கடைசியில் ஓர் ஓடை. அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், ஜீப் நின்றுவிட்டது. பெட்டியைத் தலையில் வைத்து நடந்தோம்.

எங்களுக்கு வயது முப்பது, சிரித்துக்கொண்டே போனோம். உங்கள் அம்மாவுக்கு அது ஆகாது.

போய்ச் சேர்ந்த பிறகு இடம் அருமை, அதில் மாற்றுப் பேச்சே இல்லை. நேர் எதிரே லக்கேகல மலை கூம்பாக நிற்கிறது. விறகடுப்புச் சமையல், சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி. ஜெனரேட்டர் பத்து மணிக்கு நின்றுவிடும், அதற்குள் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும். போனில் சிக்னல் எப்படியும் இல்லை. ராத்திரி ஏதோ ஒன்று கூரையில் ஓடிக்கொண்டே இருந்தது, காலையில் கேட்டால் மரநாய் என்றார்கள். அட்டை ஏராளம். சோப்பையும் டெட்டாலையும் காலில் தேய்த்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும், மழையில் கழுவிப் போய்விடும். முழங்கால் வரை ஏறுகிற அட்டை உறை கிடைக்கிறது, அதுதான் நல்லது. கடித்தால் வலிக்காது. அதன் எச்சிலில் இரத்தத்தை உறைய விடாத பொருள் இருப்பதால் விழுந்த பிறகும் இரத்தம் வந்துகொண்டே இருக்கும். நமக்கு அது விளையாட்டு. சர்க்கரை உள்ளவர் காலில் புண் வைத்துக்கொள்ளக் கூடாது, இல்லையா?

பேட்டை அக்கா:
ஆண்கள் யாரும் கேட்க மாட்டீர்கள், நான் கேட்கிறேன். அறைக்குப் போக எத்தனை படி? கக்கூஸ் அறைக்குள்ளேயா, வெளியேயா? மேற்கத்திய வகையா? பிடித்து எழுந்திருக்கக் கம்பி உண்டா? மலை விடுதி என்றாலே சரிவில் கட்டியிருப்பார்கள். சாப்பாட்டு அறை மேலே, படுக்கிற அறை கீழே, நடுவில் பாசி பிடித்த கல்படி. எங்கள் மாமியாரோடு கேரளாவில் ஒரு மலை விடுதிக்குப் போய், அத்தை அறையை விட்டு வெளியே வராமலே லீவு முடிந்தது. தட்டில் வைத்துச் சாப்பாடு கொண்டு கொடுத்தோம். ஜன்னல் வழியாகக் காட்சி நன்றாகத்தான் இருந்தது என்று வையுங்கள்.

சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள் தம்பி. ஒதுக்குப்புற விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே சொல்ல வேண்டியிருக்கும், டவுனில் இருந்துதானே சாமான் வர வேண்டும். எட்டரைக்குத்தான் போடுவோம் என்றால் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சிரமம்.

கொழும்புக் கடைத்தெரு:
நான் வள்ளியூர்க்காரன், கொழும்பில் வியாபாரம், வருஷத்தில் பாதி அங்கேதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காலம். இலங்கை சின்னத் தீவுதான், ஆனால் நடுவில் மலை நிற்பதால் ஒரு பக்கம் மழை என்றால் மறு பக்கம் வெயில். தென்மேற்குப் பருவம் மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கும்: ஹட்டன், சிவனொளிபாதமலை, நுவரெலியாவின் மேற்கு எல்லாம் அதில் அடங்கும். அந்த நேரத்தில் பதுளை, வெலிமடை இருக்கிற ஊவா பக்கம் காய்ந்து கிடக்கும். நமக்குக் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது ராதாபுரத்தில் மண் பறக்கிறதே, அதே கணக்கு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவம் கிழக்குப் பக்கத்தைப் பிடிக்கும். அப்புத்தளை சரியாக முகட்டில், ஏறக்குறைய 1,430 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தெற்கே பள்ளம், வடக்கே ஊவா. மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி டவுனுக்குள் நடந்து வரும். ஜூன், ஜூலையில் காற்று ஆளைத் தள்ளும்.

ஆகவே அரையாண்டு லீவு வேண்டவே வேண்டாம். டிசம்பர் கடைசி என்பது ஊவாவில் நல்ல மழை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எவ்வளவு மண்சரிவு, எத்தனை உயிர் போனது என்று எல்லோருக்கும் தெரியும். பதுளை, கண்டி, நுவரெலியா எல்லாமே அடிபட்டன, மலை ரயில் பாதையும் அறுந்தது. போகும் முன் ரயில் எதுவரை ஓடுகிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று அந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் இடத்தைக் காலி செய். விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே "ஒண்ணும் ஆகாது ஐயா" என்று சொன்னாலும் செம்மஞ்சள் வந்தால் நீங்கள் டவுனுக்கு இறங்கிவிடுங்கள்.

மே முதல் பாதி பரவாயில்லை. மதியம் இடி மழை இருக்கும், காலை தெளிவாக இருக்கும். ஆனால் மே பௌர்ணமி வெசாக், புத்தர் பண்டிகை. அந்த வாரம் கொழும்புக்காரர்கள் எல்லோரும் மலைக்கு ஏறுவார்கள், அறை கிடைக்காது, ரோட்டில் வண்டி நகராது. போயா என்கிற பௌர்ணமி நாளில் மது விற்பனையும் கிடையாது, இங்கே யாருக்காவது அது கவலை என்றால்.

வழி: மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அப்புத்தளைக்கு வேனில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து பதுளை ரயில் என்றால் ஒரு பகல் முழுக்க. வழியில் பட்டிப்பொல, 1,898 மீட்டர், அந்த நாட்டில் உயரமான ஸ்டேஷன். ரிசர்வேஷன் ஒரு மாதம் முன்னால் திறந்த உடனே தீர்ந்துவிடும். பையனுக்கு ரயில், அம்மாவுக்கு வேன் என்று பிரித்துக்கொண்டால்கூடத் தப்பில்லை. இல்லாவிட்டால் கண்டியில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போங்கள்.

வைத்தியம்: அப்புத்தளைக்குப் பக்கத்தில் தியத்தலாவையில் ஆதார வைத்தியசாலை (அரசு ஆஸ்பத்திரி) இருக்கிறது, பெரிய விஷயம் என்றால் பதுளை. ஆம்புலன்ஸ் எண் 1990, இலவசம். இந்தியா கொடுத்த பணத்தில் 2016இல் தொடங்கிய சேவை. மீமுரே பக்கம் இருந்துகொண்டு அதைக் கூப்பிட முதலில் சிக்னல் வேண்டும், அதைத் தென்காசியாரே சொல்லிவிட்டார். பாஷையும் ஒன்று உண்டு. தோட்டப் பக்கம் வேலை செய்கிறவர்கள் தமிழ் பேசுவார்கள். நக்கிள்ஸ் கிராமங்கள் சிங்களம். அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும் அல்லவா?

என் ஓட்டு அப்புத்தளைக்கு.

கல்லிடை அப்பளம்:
இவ்வளவு சொன்ன பிறகு குதிரைவெட்டி பஸ்ஸைப் பற்றி நான் பேசவில்லை. ஒரு சந்தேகம். அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்காதா?

தென்காசி வெயில்:
வாங்காது. உயர நோய் என்பது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலை. இலங்கையில் மிக உயரமான பிதுருதலாகலையே 2,524 மீட்டர். வளைவில் வாந்திதான் வரும். மாஞ்சோலை ரோட்டைத் தாங்கினவர்கள் எதையும் தாங்குவார்கள்.

குளிர் மட்டும் உண்டு. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிற எண்ணம் இருந்தால், உலக முடிவுப் பள்ளம் பார்க்க ஒன்பது மணிக்கு முன்னால் அங்கே நிற்க வேண்டும், அப்புறம் மேகம் மூடிவிடும். உள்ளே சுற்றி வர ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நடை. வாசலில் பையைத் திறந்து பிஸ்கட் பாக்கெட் பிளாஸ்டிக், தண்ணீர்ப் பாட்டிலில் சுற்றியிருக்கும் தாள் எல்லாவற்றையும் உரித்து வாங்கிவிடுவார்கள். இது நல்ல பழக்கம், பாபநாசத்திலும் யாராவது செய்யலாம். அம்மாவை பங்களாவில் விட்டுவிட்டு நீங்கள் மூன்று பேரும் விடியுமுன் கிளம்புங்கள்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:
எல்லோரும் படி, கக்கூஸ், ஜீப் என்று பேசுகிறீர்கள். நான் வேறொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தோட்ட பங்களா என்பது துரை இருந்த வீடு. மலையில் நல்ல காட்சி தெரிகிற மேட்டில் அதைக் கட்டியது காட்சிக்காக மட்டுமா? கீழே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பார்க்கவும்தான். கூலிகளாகப் போனவர்களில் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களும் உண்டு. 1948இல் குடியுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள், 1964இல் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வது என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். அந்தக் கணக்கில் வந்த ஒருவரின் மகன் இன்று அதே பங்களாவில் காசு கொடுத்துத் தங்கி, கீழே லயத்தைப் பார்த்து டீ குடிப்பது உறுத்தவில்லையா? விடுதி விளம்பரங்களில் "பழைய காலத்து வாழ்க்கை" என்று போடுகிறார்கள். யாருடைய வாழ்க்கை?

ஊத்து மழை:
உறுத்தல் இருக்கட்டும் வாசகரே. ஆனால் லயத்தில் பிறந்த ஆள் லயத்தையேதான் பார்க்கப் போக வேண்டும் என்று நாம் எப்படிச் சொல்வது? எங்கள் லைன் வீட்டைப் படம் எடுக்க வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடியில் துணி காய்கிறது, அம்மா அரிசி புடைக்கிறாள், அவர்கள் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு பங்களாவில் படுத்துத் தூங்குகிறவன் எவ்வளவோ மேல்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:
தூங்கட்டும், நான் தடுக்கவில்லை. கொடுக்கிற காசில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு என்ன போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கலாம். சமையல்காரர், தோட்டக்காரர், வண்டி ஓட்டுகிறவர் அந்தத் தோட்டத்து ஆட்களா, கொழும்பிலிருந்து வந்தவர்களா? அதை வைத்து ஒரு விடுதியைத் தேர்ந்தெடுக்கலாமே. படி எத்தனை என்று கேட்கிற கடிதத்திலேயே இதையும் எழுதலாம்.

பேட்டை அக்கா:
இது நல்ல கேள்வி. நான் இதுவரை எங்கேயும் இதைக் கேட்டதில்லை, இனிமேல் கேட்பேன்.

பொருநைக்கரை:
இரண்டு நாளாக உள்ளே வர முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி. வாசகர் எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லயத்த எதுக்குல காசு குடுத்துப் பாக்கணும்? பத்துக்குப் பன்னெண்டு காம்பரா, அதுல எட்டுப் பேரு கெடந்தோம். தொர பங்களா வாசல்ல எங்கய்யா துண்ட இடுப்புல கட்டிட்டு நிப்பாரு. நான் உள்ள போயி காலை நீட்டிப் படுக்கேன். சுடுதண்ணி வருமான்னு மட்டும் கேளு."

ஆகவே நக்கிள்ஸ் போச்சு. மகனுக்குத்தான் வருத்தம், ஜீப் ஓடையில் நிற்கும் என்று தென்காசி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அங்கேதான் போக வேண்டும் என்று குதிக்கிறான்.

பங்களாவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கேட்டேன். பதில் நேராகவே வந்தது. மெயின் ரோட்டிலிருந்து தோட்டப் பாதை இரண்டு கிலோமீட்டர், சின்ன வேன் வாசல் வரை வரும், பெரிய வேன் திரும்பாது. பலத்த மழை என்றால் மேலே தொழிற்சாலைப் பக்கம் இன்னொரு பாதை இருக்கிறது. தரைத் தளத்தில் ஓர் அறை, வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை, நாற்காலி போட்டு ஏற்றிவிடுவோம் என்கிறார்கள். சமையல்காரரும் தோட்டக்காரரும் அந்தத் தோட்டத்துக் குடும்பங்கள். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே தருவார்களாம். சுடுதண்ணீர் காஸ் கீசரில் வரும், கரண்ட் போனாலும் வரும். மே முதல் வாரம், வெசாக்குக்கு இடம் விட்டு, பதிவு செய்துவிட்டேன்.

பேட்டை அக்கா:
காஸ் கீசர் குளியலறைக்குள்ளேயா, வெளியிலேயா? உள்ளே என்றால் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் குளிக்க வேண்டும், மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். குளிருக்கு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு குளிக்கிற ஆட்கள் நாம். அம்மாவுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

தென்காசி வெயில்:
அறையில் கணப்படுப்பு இருந்தால் அதற்கும் இதே விதிதான், புகைபோக்கி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குக்கு அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக மாற்றிய இடங்களில் தட்டை முள் பிளக்தான் போகும், நம் உருண்டை முள் போகாது.

கல்லிடை அப்பளம்:
சாப்பாட்டில் சொதி கிடைக்குமா? அது நம் ஊர்ச் சொத்து அல்லவா?

கொழும்புக் கடைத்தெரு:
கிடைக்கும், ஆனால் நம் கல்யாண மறுநாள் சொதியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் இஞ்சிப் பச்சடியும் கிடையாது. மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால், தண்ணீராக, இடியாப்பத்தில் ஊற்றிக்கொள்ள. அதுவும் நன்றாகத்தான் இருக்கும். சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் போடுவார்கள், வீட்டில் யாராவது சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பொருநைக்கரை:
சைவம் எல்லாம் யாரும் இல்லை, மாசி என்றால் அம்மா இன்னொரு தட்டு கேட்பாள். கடைசியாக ஒன்று. அம்மா பிறந்த தோட்டம் பங்களாவிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி. லயம் வேண்டாம் என்கிறாள், ஆனால் கூடப் படித்த பிள்ளைகள் யாராவது இருப்பார்களா என்று ராத்திரியெல்லாம் பேர் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேராகப் போய்க் கேட்கலாமா?

கொழும்புக் கடைத்தெரு:
வேலை நாளில் போக வேண்டாம். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், ஆனால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை போங்கள், தோட்டத்துக் கோயில் பக்கம் பெரியவர்கள் இருப்பார்கள். பங்களா சமையல்காரரிடம் முதல் நாளே தோட்டத்தின் பெயரைச் சொல்லி வையுங்கள், அவருக்கு அங்கே மாமனோ மச்சானோ கட்டாயம் இருப்பார்கள். அம்மாவிடம் தாத்தா பெயரோடு எந்த டிவிஷன், எந்தக் கங்காணியின் (வேலையாட்களைச் சேர்த்து மேய்த்தவர்) ஆட்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் அதைத்தான் கேட்பார்கள்.